எண்ணப்படாத உயிர்கள் ஏட்டில் ஏறுமா?

மஸ்டரில் பெயர் ஏறாதவனுக்குக் கூலி கிடையாது. அவன் சாரத்திலிருந்து விழுந்தால் நஷ்டஈடும் கிடையாது. கட்டட வேலைக்குப் போகிற நம் மக்களுக்கு இதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் உலகம் முழுவதற்கும் சேர்த்து இப்படி ஒரு மஸ்டர் எழுதப்பட்டு வருகிறது. பூமி எவ்வளவு சூடாகிறது, அதனால் யாருக்கு என்ன நேர்கிறது, யார் பொறுப்பு என்று அதில் எழுதுகிறார்கள். அதை வைத்துத்தான் அரசாங்கங்கள் பேரம் பேசுகின்றன, திட்டம் தீட்டுகின்றன, பணம் ஒதுக்குகின்றன. அந்த ஏட்டில் நம் பெயர் இருக்கிறதா என்று நாம் இதுவரை கேட்டதில்லை. கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

அந்த ஏட்டை எழுதும் சபையின் பெயர் பருவநிலை மாற்றம் குறித்த அரசுகளிடைக் குழு. பத்திரிகைகள் சுருக்கமாக ஐ.பி.சி.சி. என்று எழுதுகின்றன. 1988ஆம் ஆண்டு உலக வானிலை அமைப்பும் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து இதை நிறுவின. செயலகம் ஜெனீவாவில் இருக்கிறது. முதல் தலைவர் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி பெர்ட் போலின். 2002 முதல் 2015 வரை இந்தியரான ராஜேந்திர பச்சௌரி தலைவராக இருந்தார். 2007ஆம் ஆண்டு நோபல் சமாதானப் பரிசு இந்தக் குழுவுக்கும் அமெரிக்காவின் அல் கோருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. 1990இல் தொடங்கி 2023 வரை ஆறு பெரும் மதிப்பீடுகளை இது வெளியிட்டிருக்கிறது. ஏழாவது மதிப்பீட்டின் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

இவ்வளவு பெரிய சபைக்கும் வயலில் கூலி வேலை செய்த தாய் தகப்பனுக்குப் பிறந்து பிழைப்புக்காகப் பம்பாய்க்கும் சூரத்துக்கும் தில்லிக்கும் வந்து சேர்ந்த நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள, அந்தச் சபை எப்படி நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாசலிலும் அரசாங்கம், முடிவிலும் அரசாங்கம்

ஐ.பி.சி.சி. தானாக எதையும் அளப்பதில்லை. வெப்பமானி வைத்து வெயிலைப் பார்ப்பதும், கடல் மட்டத்தை அளப்பதும், வீடு வீடாகப் போய் விசாரிப்பதும் அதன் வேலை அல்ல. உலகெங்கும் விஞ்ஞானிகள் எழுதி வெளியிட்ட கட்டுரைகளைப் படித்து, எடை போட்டு, எது உறுதி, எது சந்தேகம் என்று தொகுத்துச் சொல்வதே அதன் வேலை. இதற்காக மூன்று பணிக்குழுக்கள் இருக்கின்றன. பூமி ஏன், எவ்வளவு சூடாகிறது என்று ஆராய்வது முதல் குழு. மனிதருக்கும் மற்ற உயிர்களுக்கும் என்ன பாதிப்பு, எப்படித் தாக்குப்பிடிப்பது என்று ஆராய்வது இரண்டாவது. புகையையும் வாயுவையும் எப்படிக் குறைப்பது என்று ஆராய்வது மூன்றாவது. இவை தவிர, ஒவ்வொரு நாடும் தான் வெளிவிடும் வாயுக்களை எப்படிக் கணக்கெடுக்க வேண்டும் என்று முறை வகுத்துக் கொடுக்க ஒரு தனிக் குழுவும் உண்டு.

எழுதுகிறவர்கள் யார்? அரசாங்கங்களும் சில சர்வதேச அமைப்புகளும் விஞ்ஞானிகளின் பெயர்களை அனுப்புகின்றன. குழுவின் நிர்வாகிகள் அவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். எழுதுவதற்குச் சம்பளம் இல்லை. 2021இல் வெளியான முதல் பணிக்குழுவின் அறிக்கையை 66 நாடுகளைச் சேர்ந்த 234 பேர் எழுதினார்கள். 14,000க்கு மேற்பட்ட ஆய்வுகளை எடுத்தாண்டார்கள். வரைவைப் படித்த நிபுணர்களும் அரசாங்கங்களும் அனுப்பிய கருத்துகள் 78,007. இவ்வளவு பேர் பார்த்துத் திருத்திய ஏடு வேறு ஒன்று உலகத்தில் இருக்குமா என்பது சந்தேகம்.

அறிக்கை முடிந்த பிறகு இன்னொரு படி இருக்கிறது. ஆயிரக்கணக்கான பக்கங்களை எந்த மந்திரியும் படிக்கப் போவதில்லை. ஆகவே ஆட்சியாளர்களுக்கென்று சில பத்துப் பக்கங்களில் ஒரு சுருக்கம் எழுதப்படுகிறது. அந்தச் சுருக்கத்தை அரசாங்கப் பிரதிநிதிகள் ஒன்றுகூடி வரிவரியாகப் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறாவது மதிப்பீட்டின்போது உறுப்பு நாடுகள் 195. வாக்கெடுப்பு கிடையாது; எல்லாரும் சம்மதித்தால்தான் வரி நிற்கும். ஒரு சொல்லுக்காக விடிய விடிய வாதாடுவதும் உண்டு.

இதில் நன்மையும் இருக்கிறது, தீமையும் இருக்கிறது. ஒப்புக்கொண்ட அரசாங்கம் நாளை "இதெல்லாம் பொய்" என்று எளிதில் கைகழுவ முடியாது, இது நன்மை. ஆனாலும் முயன்று பார்க்கிறார்கள். வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்துவது பற்றிய சிறப்பு அறிக்கையை 2018 அக்டோபரில் தென்கொரியாவில் எல்லா அரசாங்கங்களும் ஏற்றன. இரண்டே மாதம் கழித்து, போலந்து நாட்டின் கடோவிட்சே நகரில் நடந்த மாநாட்டில், அதே அறிக்கையை "வரவேற்கிறோம்" என்று எழுத அமெரிக்காவும் சவுதி அரேபியாவும் ரஷ்யாவும் குவைத்தும் மறுத்தன. எண்ணெய் விற்கிற நாட்டுக்கு ஒரு சொல்லின் விலை தெரியும். 2025 பிப்ரவரியில் சீனாவின் ஹாங்சோ நகரில் ஏழாவது மதிப்பீட்டைப் பற்றிப் பேசக் கூடியபோது அமெரிக்கப் பிரதிநிதிகள் வரவே இல்லை. வந்த நாடுகளும் அறிக்கைகள் எப்போது வெளிவர வேண்டும் என்பதில் உடன்படாமல் கலைந்தன.

ஆக, வாசலில் பெயர் கொடுப்பதும் அரசாங்கம், முடிவில் வரியை ஒப்புக்கொள்வதும் அரசாங்கம். நடுவில் எழுதுகிறவர்கள் விஞ்ஞானிகள். வெயிலில் நிற்கிறவனுக்கு இந்த மூன்று இடத்திலும் இடம் இல்லை. அவனைப் பற்றி யாராவது அளந்து எழுதியிருந்தால், அந்த எழுத்தின் வழியாக மட்டுமே அவன் உள்ளே நுழைய முடியும்.

ஓர் உயிரின் விலை

அப்படி நுழைந்தபோதும் என்ன நடந்தது என்பதற்கு 1995ஆம் ஆண்டின் கதை ஒரு பாடம். இரண்டாவது மதிப்பீட்டுக்காகச் சில பொருளியலாளர்கள், பூமி சூடாவதால் ஏற்படும் நஷ்டத்தைப் பணத்தில் கணக்கிட்டார்கள். வெயிலிலும் புயலிலும் சாகிறவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. பணக்கார நாட்டில் ஓர் உயிருக்கு 15 லட்சம் டாலர்; ஏழை நாட்டில் ஓர் உயிருக்கு ஒன்றரை லட்சம் டாலர் என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். அதாவது ஒரு மேல்நாட்டான் பத்து இந்தியருக்குச் சமம்!

இந்த விகிதம் எங்கிருந்து வந்தது? சாவின் ஆபத்தைத் தவிர்க்க ஒரு மனிதன் எவ்வளவு பணம் கொடுக்கத் தயாராக இருப்பான் என்று பார்த்தார்களாம். ஏழையின் கையில் பணம் இல்லை, ஆகவே அவன் உயிருக்கு விலை குறைவு. கூலியைக் குறைத்துக் கொடுப்பவனும், குறைந்த கூலி வாங்குகிறவன் உயிரும் மலிவுதான் என்று சொல்பவனும் ஒரே தராசைத்தான் பிடிக்கிறார்கள்.

இந்தியாவின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த கமல்நாத் மற்ற நாடுகளின் பிரதிநிதிகளுக்குக் கடிதம் எழுதி இந்தக் கணக்கை மறுத்தார். வளரும் நாடுகள் பலவும் எதிர்த்தன. அந்தப் பொருளியலாளர்கள் தங்கள் அத்தியாயத்தைத் திருத்த மறுத்துவிட்டார்கள். ஆனால் அரசாங்கங்கள் வரிவரியாக ஒப்புக்கொள்ள வேண்டிய சுருக்கத்தில் அந்தக் கணக்கு செல்லவில்லை; அதன் நியாயத்தைப் பற்றிய ஆட்சேபமே பதிவாயிற்று. அரசாங்கங்களுக்கு அந்த மேசையில் இடம் இல்லாதிருந்தால், பத்துக்கு ஒன்று என்ற விகிதம் உலகத்தின் பொது அறிவாகவே நிலைத்திருக்கும்.

நெல்வயல் மீது விழுந்த பழி

எதிர்ப்புக் குரல் மட்டும் போதாது, அளவும் வேண்டும் என்பதற்கு இன்னொரு சம்பவம். தண்ணீர் நிற்கும் நெல்வயலிலிருந்து மீத்தேன் என்னும் வாயு எழும். அதுவும் பூமியைச் சூடாக்கும். 1990இல் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு ஒன்று, இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் வெளிவிடுவதாகக் கணக்குச் சொன்னது. நம் மண்ணில் அளந்து சொன்ன கணக்கல்ல இது. மேல்நாட்டு வயல்களில் கண்டதை வைத்து நம் பரப்பளவால் பெருக்கியது. அதே ஆண்டில் அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று வெளியிட்ட பட்டியல், பூமியைச் சூடாக்கும் நாடுகளின் முன்வரிசையில் இந்தியாவையும் சீனாவையும் நிறுத்தியது. கார் ஓட்டாத நாட்டின் மேல், சோறு விளைவித்த குற்றத்துக்காகப் பழி விழுந்தது.

இதற்கு இரண்டு பதில்கள் போயின. தில்லியைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் ஒரு சிறு நூல் எழுதினார்கள். ஏழை உழவனின் வயலும் பணக்காரனின் காரும் விடுகிற வாயுவை ஒரே தராசில் நிறுப்பது அநீதி என்றும், பிழைப்புக்காக வெளிவிடுவது வேறு, சொகுசுக்காக வெளிவிடுவது வேறு என்றும் வாதாடினார்கள். அதே 1991இல் இயற்பியலாளர் ஏ.பி. மித்ரா தலைமையில் இந்திய விஞ்ஞானிகள் நாட்டின் பல பகுதிகளிலும் வயலில் இறங்கி அளந்தார்கள். கிடைத்த விடை ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன். மேலிருந்து சொன்ன கணக்கில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு!

நம் தாய்மார்கள் நாற்று நட்ட வயல்களின் மேல் போட்ட பழி, உள்ளூரில் அளந்து பார்த்த பிறகே குறைந்தது. நியாயம் பேசிய நூலும் வேண்டியிருந்தது, வயலில் இறங்கிய கருவியும் வேண்டியிருந்தது.

சராசரிக்குள் மறைந்தவர்கள்

இதுவரை சொன்னதைக் கேட்டு, நம் அரசாங்கம் அங்கே நமக்காகப் போராடுகிறது, நாம் நிம்மதியாக இருக்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். நாட்டுக்கு நாடு நடக்கும் பேரத்தில் நாடு முழுவதும் ஒரே மனிதன் ஆகிவிடுகிறது. தலைக்கு இத்தனை டன் என்று சராசரி சொல்கிறார்கள். அந்தச் சராசரி குறைவாக இருப்பதற்குக் காரணம் யார்? மின்விசிறிகூட இல்லாமல் தகரக் கூரையின் கீழ் படுக்கிறவர்கள். அந்தக் குறைந்த சராசரியின் பலனை அனுபவிப்பவர் யார்? அவர்கள் கட்டிக்கொடுத்த மாடியில் குளிர்சாதனம் போட்டுக்கொண்டு உறங்குகிறவர்கள்.

பட்டியல் பிரிப்பதை அரசாங்கங்கள் பொதுவாக விரும்புவதில்லை. 2014 ஏப்ரலில் பெர்லின் நகரில் மூன்றாவது பணிக்குழுவின் சுருக்கத்தை ஒப்புக்கொள்ளக் கூடியபோது, நாடுகளை வருமானப்படி பிரித்துக் காட்டிய படங்கள் அதில் இருந்தன. வளரும் நாடுகள் சில ஆட்சேபித்ததால் அவை சுருக்கத்திலிருந்து நீக்கப்பட்டன. முழு அறிக்கையில் அந்த விவரம் தங்கிற்று. ஆட்சியாளர்கள் படிக்கும் பக்கங்களில் இல்லை. பழைய பொறுப்பை மறைத்துப் புதிய சுமையை நம் தலையில் ஏற்றுவார்கள் என்ற அந்த நாடுகளின் அச்சத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் நாடுகளைப் பிரித்துக் காட்டவே தயங்கும் மேசையில், ஒரு நாட்டுக்குள்ளே இருக்கும் முதலாளியையும் கூலியையும் யார் பிரித்துக் காட்டப் போகிறார்கள்? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். வெளியே ஏழை நாட்டான் என்று உயிர் மலிவு. உள்ளே வெளியூர்க் கூலி என்று கணக்கிலேயே இல்லை.

வெயிலில் செத்தவர் எத்தனை பேர்?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1995இல் இந்தியாவின் வேலை நேரத்தில் 4.3 சதவீதம் வெப்பத்தால் வீணானது. 2030இல் இது 5.8 சதவீதமாகும், அதாவது 3 கோடியே 40 லட்சம் முழுநேர வேலைகளுக்குச் சமமான உழைப்பு. இந்த நஷ்டம் முதலில் விழுவது வயலிலும் கட்டட வேலையிலும். நாள் கூலிக்காரனுக்கு வீணான நேரம் என்றால் வீணான சோறு என்று பொருள்.

சாவுக் கணக்கு எப்படி எடுக்கப்பட வேண்டும் என்பதற்கு, நம்மவர்கள் பலர் வாழும் அகமதாபாத் ஒரு வழி காட்டியது. 2010 மே மாதம் அங்கே வெயில் 46 டிகிரியைத் தாண்டியது. பின்னர் ஆய்வாளர்கள், அந்த மாதம் நகரத்தில் பதிவான சாவுகளை அதற்கு முந்தைய ஆண்டு, அடுத்த ஆண்டு மே மாதங்களோடு ஒப்பிட்டார்கள். வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். 2013இல் அந்த நகராட்சி, தெற்காசியாவிலேயே முதல் முறையாக, வெயிலைச் சமாளிக்க ஒரு திட்டம் கொண்டுவந்தது. முன்கூட்டியே எச்சரிக்கை, ஆஸ்பத்திரிகளில் ஆயத்தம், தண்ணீர்ப் பந்தல் எல்லாம் அதில் அடங்கும். கணக்கு கட்டுரையாக வெளிவந்தது. ஐ.பி.சி.சி.யின் ஏட்டிலும் அகமதாபாத்தின் திட்டம் எடுத்துக்காட்டாக இடம்பெற்றது. எண்ணினார்கள், எழுதினார்கள், ஏட்டில் ஏறியது.

ஆனால் அந்தக் கணக்கிலும் நம்மில் எத்தனை பேர் தப்பிப்போவோம் என்று யோசித்துப் பாருங்கள். சூளையிலோ சாரத்திலோ மயங்கி விழுந்தவனுக்கு மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தால் வெயில் நிரபராதி ஆகிவிடுகிறது. உடம்பு முடியாமல் ரயிலேறி ஊருக்குப் போய் ஒரு வாரத்தில் கண்ணை மூடினால், அந்தச் சாவு வேலை செய்த நகரத்தின் பதிவேட்டில் ஏறாது. சொந்த ஊரின் பதிவேட்டில் காரணம் இருக்காது. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று சொன்னது. நல்ல காரியம். ஆனால் வேறு மாநிலத்து வெயிலில் அடிபட்டுத் திரும்பியவன் எந்த அரசின் கதவைத் தட்டுவது?

நாம் செய்ய வேண்டியது

இதெல்லாம் மேல்நாட்டான் எழுதும் பொய்க்கணக்கு என்று ஒதுக்கிவிடுவது தவறு. 2007ஆம் ஆண்டு அறிக்கையில், இமயமலையின் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஒரு வரி புகுந்துவிட்டது. சரியாகச் சோதிக்கப்படாத ஆதாரத்திலிருந்து எடுத்த வரி அது. 2010 ஜனவரியில் ஐ.பி.சி.சி. அந்தப் பிழையை ஒப்புக்கொண்டது. பிறகு உலக விஞ்ஞானக் கழகங்களின் கூட்டமைப்பு ஒன்று அதன் நடைமுறைகளை ஆராய்ந்து திருத்தங்கள் சொன்னது. தன் பிழையைத் திருத்திக்கொள்ளும் ஏட்டை நாம் நம்பலாம். நம் பங்கையும் அதில் கேட்கலாம். ஆனால் நாம் கொடுக்கும் கணக்கும் அந்த 2035 போல இருக்கக்கூடாது. மிகைப்படுத்தினால் ஒரே வரியில் நம் வழக்கு தோற்றுவிடும்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. ஒன்று: ஐ.பி.சி.சி.யோடு தொடர்புள்ள மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம், தான் முன்மொழியும் பெயர்களில் தொழிலாளரின் உடல்நலத்தையும் புலம்பெயர்ந்தோர் வாழ்க்கையையும் ஆராய்பவர்களைச் சேர்க்க வேண்டும். இரண்டு: வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழுந்து இறந்தவருக்குச் சான்றிதழ் எழுதும்போது, அன்றைய வெயிலும் அவர் செய்த வேலையும் குறிக்கப்பட வேண்டும். மூன்று: நிவாரணம் எந்த மாநிலத்தில் பிறந்தார் என்று பார்த்து அல்லாமல், எந்த மாநிலத்தில் உழைத்தார் என்று பார்த்துக் கிடைக்க வேண்டும்.

கோரிக்கை வைத்துவிட்டுக் காத்திருந்தால் போதாது. நகரங்களைப் பற்றியே ஒரு சிறப்பு அறிக்கையை 2027இல் வெளியிட ஐ.பி.சி.சி. திட்டமிட்டிருக்கிறது. அதன் பிறகு ஏழாவது மதிப்பீட்டின் அறிக்கைகள் வரும். அவற்றின் வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்ல, துறை அறிவுள்ள எவரும் நிபுணராகப் பதிவு செய்துகொள்ளலாம். அரசாங்கத்தின் சிபாரிசு தேவையில்லை. நம் குடும்பங்களிலிருந்து படித்து மருத்துவராகவும் ஆசிரியராகவும் ஆய்வாளராகவும் ஆகியிருக்கும் பிள்ளைகள் இதைச் செய்யலாம். பத்திரிகையில் வராத ஆய்வையும், ஆதாரம் தெளிவாக இருந்து சோதனையில் தேறினால், ஏற்றுக்கொள்ள அங்கே விதி இருக்கிறது.

அந்த ஆதாரத்தை உண்டாக்க வேண்டியவர்கள் நாம்தான். அடுத்த கோடை தொடங்குமுன் ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். தேதி, வேலை செய்த இடம், என்ன வேலை, எத்தனை மணிக்கு மயங்கினார், தண்ணீரும் நிழலும் இருந்தனவா, எந்த ஆஸ்பத்திரி, சான்றிதழில் என்ன எழுதினார்கள், எத்தனை நாள் கூலி போயிற்று என்று வரி போட்டு எழுதட்டும். பெண்கள் கணக்கைப் பெண்களே எழுதட்டும். சித்தாள் வேலையில் விழுகிறவர்கள் சொல்லாமல் மறைப்பதே அதிகம். ஊருக்குத் திரும்பிப் போனவர்களையும் விடாமல் விசாரித்து எழுதட்டும். கோடை முடிந்ததும் அந்த நோட்டுகள் தலைமைச் சங்கத்துக்கு வரட்டும். அங்கிருந்து அவற்றை ஒரு மருத்துவக் கல்லூரியின் வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நிர்வாகிகளின் பொறுப்பு. செய்தார்களா என்று அடுத்த மகாசபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பது நம் ஒவ்வொருவரின் பொறுப்பு.